குளத்தில் விட்டு வந்த மாப்பிள்ளை

காவிரி கடலில் கலக்கிற அவசரத்தில் எட்டிக்கூடப் பார்க்காமல் விட்டுவிட்டுப் போன ஊர்கள் சில உண்டு. கொட்டாரக்குடி அதில் ஒன்று. ஊருக்குத் தண்ணீர் சரியாக வராதே தவிர, ஊர்க்காரர்கள் தங்கமானவர்கள். கள்ளம் கபடம் தெரியாது. ஒன்றைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். அவர்களிடம் உள்ள ஒரே தொல்லையும் அதுதான். பால் பொங்குகிறதா பார் என்று சொல்லிவிட்டுப் போனால் பொங்குவதைப் பார்ப்பார்கள், வழிவதைப் பார்ப்பார்கள், அடுப்பு அணைவதையும் பார்ப்பார்கள். இறக்கி வை என்று நீங்கள் சொல்லவில்லையே!

இந்த ஊரில் குஞ்சிதபாதம் என்று ஒருவன். முப்பத்தைந்தைத் தாண்டியும் கல்யாணம் ஆகாமல் இருந்தான். ஆள் நல்லவன், உழைப்பாளி, அதிகம் பேசமாட்டான். ஜாதகத்தில்தான் சனி சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. வந்த பெண் வீட்டார் எல்லாம் ஜாதகத்தைப் பார்த்துவிட்டுக் காப்பி கூடக் குடிக்காமல் போனார்கள்.

கடைசியில் தென்படுகை சிங்காரவேலுவின் மகள் அபயாம்பாள் அமைந்தாள். பெண் பார்க்கப் போன அன்று இவன் குனிந்த தலை நிமிராமல் பஜ்ஜியைத்தான் பார்த்தான். அவள் இவனை நன்றாகவே பார்த்தாள். பிடித்துவிட்டது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். வாயைத் திறந்து பெருமை பேசாமல், பஜ்ஜிக்கு மட்டும் திறக்கிற ஆளைக் கண்டால் சில பெண்களுக்கு ஒரு நிம்மதி.

ஆனால் சிங்காரவேலு ஜோசியரைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார். அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"வர்ற சனிக்கிழமை மாப்பிள்ளை எள்ளுக்குடி போய்ச் சனீஸ்வரனைக் கும்பிட்டு, அங்க இருக்கிற குளத்துல எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு, கட்டியிருந்த துணியை அங்கயே விட்டுட்டு, திரும்பிப் பார்க்காம நேரா எங்க வீட்டுக்கு வந்துடணும். திரும்பிப் பார்த்தா விட்ட சனி கூடவே வந்துடும். விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்தா தட்டு மாத்திக்குவோம். தவறினா, ரைஸ்மில்காரர் பையனுக்குக் கேட்டுக்கிட்டிருக்காங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

திருநள்ளாறு பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே போகக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். சனிக்கிழமைக் கூட்டத்தில் கொட்டாரக்குடிக்காரர்களை விட்டால் பொறுக்கி எடுக்க முடியாது என்று சிங்காரவேலுவுக்கே தெரிந்திருந்தது. எள்ளுக்குடி சின்னக் கோயில். ஒரு சந்நிதி, ஒரு குளம், நாலு காக்கை. அங்கே என்ன தப்பு நடந்துவிட முடியும் என்று நினைத்தார், பாவம்.

மாப்பிள்ளையைத் தனியாக அனுப்ப ஊருக்கு மனசு வரவில்லை. துணைக்கு நாலு பேர் கிளம்பினார்கள். முதலாமவர் தாய்மாமன் ஆபத்சகாயம். ஆபத்து எங்கே இருந்தாலும் தேடிப் போய் அதற்குச் சகாயம் செய்கிறவர். அடுத்தவர் உத்திராபதி. எதையும் யோசித்துத்தான் செய்வார். யோசிக்காமல் இருந்தால் பாதித் தொல்லை வந்திராது. தேங்காய்ப் பையையும் மாப்பிள்ளையின் புது வேட்டியையும் சுமக்க மாசிலாமணி. பயப்படுவதற்கு என்று தனியாகப் பக்கிரிசாமி.

ஊர் எல்லையில் பிள்ளையார் கோயில். பூசாரி நல்லது நினைத்துத்தான் சொன்னார்.

"எந்தக் காரியத்தை ஆரம்பிச்சாலும் அதுக்கு முன்னாடி பிள்ளையாருக்கு ஒரு காயை உடைச்சிடுங்க. தடங்கலே வராது."

மாசிலாமணி தேங்காயைத் தலைக்கு மேல் ஓங்கினான். உத்திராபதி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு. காய் உடைக்கிறது ஒரு காரியமா இல்லையா?"

"காரியந்தான்."

"அப்போ அதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு காய் உடைக்கணுமே."

மாசிலாமணி இந்தக் காயைக் கீழே வைத்துவிட்டு வேறு காயை எடுத்து ஓங்கினான்.

"இந்தக் காயை உடைக்கிறதுக்கு முன்னாடி?" என்றார் ஆபத்சகாயம்.

"அதுக்கும் ஒண்ணு."

"அதுக்கு முன்னாடி?"

பக்கிரிசாமி பையை எட்டிப் பார்த்து நடுங்கினான். "அண்ணே, நம்ம தோப்பு பூரா கொண்டுவந்தாலும் மொதக் காயை உடைக்க முடியாது போலிருக்கே!"

எல்லாரும் அப்படியே பிள்ளையாருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார்கள். காலை பஸ் தூரத்தில் ஹாரன் அடித்தது. "மாமா, பஸ்ஸு வருது" என்றான் குஞ்சிதபாதம்.

"பஸ்ஸுல ஏர்றதும் ஒரு காரியந்தான்டா. மொதல்ல இது தீரட்டும்."

பஸ் வந்தது, நின்றது, போனது. குஞ்சிதபாதம் அதைப் பார்த்தபடி நின்றான். அந்த பஸ்ஸிலேயே அபயாம்பாள் ஏறிப் போய்விட்ட மாதிரி அவனுக்கு இருந்தது. கடைசியில் ஆபத்சகாயம்தான் வழி கண்டுபிடித்தார். ஒரு கையில் ஒரு காய், மறு கையில் ஒரு காய் எடுத்துக்கொண்டார். "இதுக்கு அது, அதுக்கு இது" என்று சொல்லிவிட்டு இரண்டையும் ஒரே நேரத்தில் தரையில் போட்டார். பிள்ளையாருக்கே தலை சுற்றியிருக்கும். பூசாரி எப்போதோ நடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தார்.

அடுத்த பஸ்ஸில் டவுனுக்கு வந்து சேர்ந்தார்கள். எள்ளுக்குடி பஸ் வருவதற்கு நேரம் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே பழைய சிவன் கோயில். சும்மா நிற்பதற்குச் சாமி கும்பிடலாமே என்று உள்ளே போனார்கள். ஜனங்கள் நந்தியின் காதோரம் குனிந்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். குருக்களிடம் விசாரித்தார் ஆபத்சகாயம்.

"வேண்டுதலை நந்தி காதுல சொல்லுங்கோ. அவர் சுவாமிகிட்ட சேர்த்துடுவார். ஆனா ஒண்ணு, அவர் காதுல சொன்னதை மனுஷா காதுல சொல்லப்படாது. சொன்னா பலிக்காது."

ஐந்து பேரும் ஒதுங்கி நின்று யோசனை செய்தார்கள்.

"கல்யாணம் நடக்கணும்னு கேட்டுடலாமா மாமா?" என்றான் குஞ்சிதபாதம்.

"அறிவிருக்காடா? அது எள்ளுக்குடிச் சாமி வேலை. அவர் வேலையை இவர்கிட்ட சொன்னா அவருக்குக் கோவம் வராதா? இவர்கிட்ட வழித்துணை மட்டும் கேப்போம்."

ஆபத்சகாயம் நந்தியின் காதைத் துண்டால் துடைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, "நாங்க எள்ளுக்குடி போய்ச் சேரணும்" என்று சொன்னார். நந்தி கேட்டுக்கொண்டது. தொல்லை கண்டக்டரிடம் ஆரம்பித்தது.

"எங்கங்க போகணும்?"

நாலு பேரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்கள். குஞ்சிதபாதம் வாயைத் திறக்கப் போனான். மாமன் அவன் வாயில் கையை வைத்து அமுக்கினார்.

"உங்களைத்தாங்க. எந்த ஊரு?"

"சொல்லக்கூடாது" என்றார் ஆபத்சகாயம்.

"ஏன், கொலை கிலை பண்ணிட்டு வர்றீங்களா?"

"சொன்னா போய்ச் சேர மாட்டோம்."

"சொல்லாட்டியும் போய்ச் சேர மாட்டீங்க. எறக்கி விட்டுடுவேன்."

உத்திராபதி யோசித்தார். "நீங்க ஊர் பேரெல்லாம் வரிசையா சொல்லுங்க. நாங்க போகாத ஊருக்கெல்லாம் இல்லைன்னு தலையாட்டுறோம்."

கண்டக்டர் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்டாப்பாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நாலு தலையும் ஒன்றாக ஆடின. பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். "எள்ளுக்குடி" என்றார். தலைகள் அசையாமல் நின்றன.

"எள்ளுக்குடியா? அதைச் சொல்றதுக்கா இந்தப் பாடு?"

"ஐயய்யோ, நாங்க சொல்லல! சொன்னது நீங்க!" என்று பக்கிரிசாமி அலறினான். "இனிமே நீங்கதான் போய்ச் சேர மாட்டீங்க!"

கண்டக்டர் அதற்கப்புறம் அவர்கள் பக்கமே வரவில்லை.

எள்ளுக்குடியில் தரிசனம் நன்றாகவே ஆனது. எள் விளக்கு ஏற்றினார்கள். குஞ்சிதபாதம் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். வேறு எதுவும் வேண்டாம், விளக்கு வைப்பதற்குள் தென்படுகை போய்ச் சேர்ந்தால் போதும் என்று மனசுக்குள் கெஞ்சினான். சொல்லப்போனால், அந்த நாளில் யாராவது உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

பிறகு குளம். எண்ணெய் தேய்க்கும்போது உத்திராபதிக்கு ஒரு யோசனை வந்தது.

"மாப்பிள்ளையை மட்டும் குளிக்கவச்சா, அவனை விட்ட சனி சும்மா நிக்குமா? பக்கத்துல நம்ம நாலு பேர் காஞ்சுபோய் நிப்போம். யார் மேலயாவது தொத்திக்கும்."

அதனால் ஐந்து பேரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்கினார்கள். ஆபத்சகாயம் மருமகனிடம் சொன்னார்: "மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நல்லா முங்கு. நான் எழுந்திருன்னு சொல்றப்போ எழுந்திரு. பாதியில எழுந்திருச்சா பாதிச் சனி ஒட்டிக்கிட்டிருக்கும்."

குஞ்சிதபாதம் முங்கினான். அவன் முங்கிய நேரத்தில் மற்ற நாலு பேரும் படியேறி, ஈரத் துணியை விட்டுவிட்டு, வேறு துணி கட்டிக்கொண்டு, குளத்துக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஆபத்சகாயத்துக்கு ஞாபகம் வந்தது.

"பய எழுந்துட்டானா?"

"பாத்துச் சொல்லட்டுமா?" என்றான் மாசிலாமணி.

"பாக்காதே! பின்னாடியில்ல இருக்கான்!"

"அப்போ எழுந்திருன்னு சொல்லுங்க."

"எதிர்ல பாத்துக்கிட்டுச் சொன்னா அவனுக்கு எப்படிக் கேக்கும்? திரும்பித்தானே சொல்லணும்."

யோசித்துப் பார்த்து, விவரம் தெரிந்த பையன், தானே எழுந்து வந்துவிடுவான் என்று முடிவு செய்து நடக்க ஆரம்பித்தார்கள். தென்படுகைக்கு வாய்க்கால் கரையோடு கொஞ்ச தூரம்தான். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். கழுத்து தெரியாத்தனமாகத் திரும்பிவிடக் கூடாது என்று துண்டை முகத்தின் இரண்டு பக்கமும் வண்டிக் குதிரைக்குக் கட்டுவது போலக் கட்டிக்கொண்டார்கள்.

குஞ்சிதபாதம் மூச்சு முட்டுகிற வரைக்கும் மாமன் குரலுக்குக் காத்திருந்தான். முடியாமல் போய் எழுந்தான். படியில் நின்ற நாலு பேரையும் காணோம். புது வேட்டி மாசிலாமணியின் பையோடு போய்விட்டது. கட்டியிருந்த துணியையோ இங்கேயே விட்டாக வேண்டும். கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அவன் முழித்த முழியைப் பார்த்து, படிக்கட்டில் எள் விளக்கு விற்கிற அம்மாவுக்குப் பாவமாக இருந்தது.

"இந்தா தம்பி, சாமிக்குச் சாத்துற துணி. கட்டிக்கிட்டுப் போ. பசியோட போகாதே, இந்தா எள்ளுச் சாதம்."

சனீஸ்வரனுக்குச் சாத்துகிற துணி என்ன நிறம் என்று உங்களுக்குத் தெரியும். குஞ்சிதபாதம் கறுப்பு வேட்டியைக் கட்டிக்கொண்டு, எள்ளுச் சாதத்தை இலையோடு கையில் ஏந்திக்கொண்டு ஓடினான். வாய்க்கால் கரையில் கருவேல முள் காலில் ஏறியது. பிடுங்க நேரமில்லை. நொண்டி நொண்டி ஓடினான். எள்ளுச் சாதத்தின் வாசனைக்கு ஒரு காக்கை தலைக்கு மேலேயே பறந்து வந்தது.

முன்னால் போனவர்கள் கரை வளைகிற இடத்தில் நின்றிருந்தார்கள்.

"கரை திரும்புதே. நாம திரும்பலாமா?" என்றான் பக்கிரிசாமி.

"திரும்புறது கரை. நாம கரையோட நேராத்தான் போறோம்" என்றார் உத்திராபதி.

எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது. அப்போதுதான் பின்னால் குரல் கேட்டது.

"மாமா! நில்லுங்க மாமா!"

நாலு பேரும் சிலையாகிவிட்டார்கள்.

"யாரோ கூப்பிடுறாங்க" என்றான் மாசிலாமணி.

"யாரோ இல்லைடா, அவர்தான்!" பக்கிரிசாமிக்குப் பல் தந்தியடித்தது. "விட்டுட்டு வந்தோம்ல, அவரு!"

"நான்தான் மாமா, குஞ்சிதபாதம்!"

"பேரெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்காரே!"

"ஏழரை வருஷமா அவன் கூடவே இருந்திருக்கார். பேர் தெரியாமலா இருக்கும்?" என்றார் ஆபத்சகாயம். "நட, நட. நின்னா ஏறிக்குவார்."

"என் வேட்டி உங்க பையில இருக்கு! குடுத்துட்டுப் போங்க!"

"வேட்டி கேக்குறாரு அண்ணே!"

"கல்யாண வேட்டியைக் கேக்குறார் பாத்தியா? அதைக் குடுத்துட்டா அதுலயே ஏறி உக்காந்துக்கிட்டு நேரா மாப்பிள்ளைகிட்ட போயிடுவார். ஓடுங்கடா!"

ஓடினார்கள். எதிரே சைக்கிளில் ஒரு பால்காரர் வந்தார். துண்டு கட்டிய நாலு முகங்கள் பாய்ந்து வருவதைப் பார்த்து அவர் காலை ஊன்றினார்.

"அண்ணே, எங்களுக்குப் பின்னாடி யார் வர்றா? நாங்க பாக்கக்கூடாது, நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார் உத்திராபதி.

பால்காரர் பார்த்தார். "கறுப்பு வேட்டி கட்டிக்கிட்டு ஒரு ஆளு நொண்டிக்கிட்டே ஓடியார்றாரு. தலைக்கு மேல காக்கா ஒண்ணு வருது."

அவ்வளவுதான். சனீஸ்வரனுக்குக் கறுப்புத் துணி, நொண்டிக் கால், காக்கை வாகனம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதற்கப்புறம் அவர்கள் ஓடிய ஓட்டத்தில் வழியில் நின்ற வாத்துகள் எல்லாம் வாய்க்காலில் குதித்தன.

பின்னால் வந்த குஞ்சிதபாதமும் பால்காரரைத் தாண்டினான். அவர் அவனைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவனுக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. தாய்மாமன் சொல்கிறார். ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். இப்போது முன்பின் தெரியாதவர் கும்பிடுகிறார். இத்தனை பேர் ஒரு பக்கம், தான் ஒருத்தன் ஒரு பக்கம். ஒருவேளை குளத்தில் முங்கி எழுந்தது குஞ்சிதபாதம் இல்லையோ? நொண்டியபடியே தன் கையைக் கிள்ளிப் பார்த்தான். வலித்தது. ஆனால் சனிக்கு வலிக்குமா வலிக்காதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

தென்படுகையில் சிங்காரவேலு வீட்டு வாசலில் கோலம் போட்டிருந்தது. கூடத்தில் தட்டுகள் வரிசையாக இருந்தன. ஜோசியர் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அபயாம்பாள் பட்டுப்புடவை கட்டி, ஜன்னலோரம் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ரைஸ்மில் என்று யாராவது சொன்னால் மட்டும் அவள் முகம் சுண்டிப்போனது.

நாலு பேரும் மூச்சிரைக்க உள்ளே வந்து விழுந்தார்கள்.

"சம்பந்தி, விட்டாச்சு! சனியை விட்டாச்சு!" என்றார் ஆபத்சகாயம்.

"ரொம்ப சந்தோஷம். மாப்பிள்ளை எங்க?"

நாலு பேரும் முகத்துத் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்கள்.

"பின்னாடி இருக்கணும்" என்றார் உத்திராபதி. "ஆனா எங்களால பாக்க முடியாது. நீங்க எதிர்ல நிக்கிறீங்க, நீங்களே பாத்துச் சொல்லுங்க."

சிங்காரவேலு வாசலை எட்டிப் பார்த்தார். தெருக்கோடியில் புழுதிக்கு நடுவே ஒரு உருவம். கறுப்பு வேட்டி. நொண்டி நொண்டி நடை. தலைக்கு மேல் காக்கை. ஜோசியரும் எட்டிப் பார்த்தார். வெற்றிலையை விழுங்கிவிட்டார்.

"எல்லா லட்சணமும் பொருந்துதே!" என்றார் ஜோசியர். "முப்பது வருஷமா ஜாதகத்துல பாத்திருக்கேன், நேர்ல இன்னைக்குத்தான்…"

"கதவைச் சாத்துங்க!"

கதவு சாத்தப்பட்டது. நாலு பேரும் கதவில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றார்கள். முதுகைக் கொடுத்தால் பார்க்கவேண்டியதில்லை அல்லவா?

வெளியே கதவு தட்டும் சத்தம். "மாமா, கதவைத் திறங்க. விளக்கு வைக்கப் போறாங்க மாமா!" குரல் அழுகிற மாதிரி இருந்தது.

"பொண்ணு வீடு வரைக்கும் வந்துட்டாரே" என்று பக்கிரிசாமி கண்ணீர் விட்டான்.

"சம்பந்தி, தைரியமா இருங்க. எங்க உயிரே போனாலும் உள்ள விடமாட்டோம்!" என்றார் ஆபத்சகாயம். அவர் கண்ணிலும் தண்ணீர். அக்காள் மகன் கல்யாணத்துக்காக உயிரைக் கொடுக்கவும் அவர் தயாராகத்தான் இருந்தார். அதில் குறை சொல்ல முடியாது.

எல்லாரும் கதவைக் கவனித்த நேரத்தில் அபயாம்பாள் பக்கவாட்டு ஜன்னலுக்குப் போய் மெதுவாகக் கூப்பிட்டாள். "இங்க வாங்க."

குஞ்சிதபாதம் நொண்டி வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றான். அவளுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு நிற்கிற ஆளை எங்கே பார்த்தாலும் அவளால் கண்டுபிடித்துவிட முடியும். இருந்தாலும் ஒரு விளையாட்டு.

"நீங்க யாரு?"

அவன் பொய் சொல்லத் தெரியாதவன். "காலையில குஞ்சிதபாதமாத்தாங்க கெளம்பினேன். இப்போ எல்லாரும் வேற மாதிரி சொல்றாங்க. எனக்கே சரியாத் தெரியலை."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "எனக்குத் தெரியும். கொல்லைப்பக்கமா வாங்க."

"அங்க வரணும்னா திரும்பணுமேங்க. திரும்பிப் பாத்தா…"

இந்த ஊர்க்காரனோடு எப்படிக் குடும்பம் நடத்த வேண்டும் என்று அந்த நிமிஷத்தில் அபயாம்பாளுக்குப் புரிந்துவிட்டது. "நீங்க திரும்ப வேணாம். வீட்டைக் கோயில்னு நெனச்சுக்கிட்டு வலம் வாங்க. கொல்லைக் கதவு தானா எதிர்ல வரும்."

குஞ்சிதபாதம் கை கூப்பிக்கொண்டு பக்தியோடு வீட்டை வலம் வந்தான். கொல்லைக் கதவு தானாக எதிரில் வந்தது. அவள் தயாராக நின்றாள். அப்பாவின் வெள்ளை வேட்டியைக் கொடுத்தாள். காலில் இருந்த முள்ளைத் தானே குனிந்து எடுத்துவிட்டாள். அவன் அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, அன்றைக்குப் பஜ்ஜியைப் பார்த்தது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று நினைத்துக்கொண்டான். கறுப்பு வேட்டியைக் கொல்லையில் வாழைமரத்தடியில் விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்து மணையில் உட்கார்ந்தான்.

கதவை முட்டுக்கொடுத்து நின்ற ஆபத்சகாயம் எதிரே பார்த்தார்.

"அடே! நீ எப்போ வந்தே?"

"இப்பத்தான் மாமா."

"பாத்தீங்களா சம்பந்தி! விவரம் தெரிஞ்ச பையன். எங்களுக்கு முன்னாடியே வந்து உள்ள உக்காந்திருக்கான். நாங்க வீணா பின்னாடி தேடினோம்!"

சிங்காரவேலு ஆனந்தத்தில் அவரைக் கட்டிக்கொண்டார். அபயாம்பாளின் அம்மா குத்துவிளக்கு ஏற்றத் தீப்பெட்டியை எடுத்த நேரத்தில் தட்டு மாற்றிக்கொண்டார்கள். ரைஸ்மில்காரர் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. அபயாம்பாள் நடந்ததைச் சொல்லவில்லை. சொன்னாலும் யாருக்கும் புரிந்திருக்காது. மாப்பிள்ளைக்கே பாதிதான் புரிந்திருந்தது.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் உத்திராபதி யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"மாப்பிள்ளை உள்ள இருக்கான். சரி. அப்போ வாசல்ல நின்னு கதவைத் தட்டினது யாரு?"

வெளியே திண்ணையில் உட்கார்ந்து ஒரு காக்கை கரைந்தது. எள்ளுச் சாத இலையை அங்கேதான் வைத்துவிட்டு வந்திருந்தான் குஞ்சிதபாதம்.

"இன்னும் வாசல்லதான் நிக்கிறார்" என்றான் பக்கிரிசாமி.

ஆபத்சகாயம் ஜோசியரைப் பார்த்தார். "ஒரு இடத்துல வந்து நின்னுட்டா எப்போ நகருவார்?"

ஜோசியர் பழக்கதோஷத்தில் விரல் விட்டு எண்ணினார். "அடுத்த பெயர்ச்சிக்கு ரெண்டரை வருஷம் ஆகும்."

"சம்பந்தி, நீங்க கவலைப்படாதீங்க" என்றார் ஆபத்சகாயம், சிங்காரவேலுவின் கையைப் பிடித்துக்கொண்டு. "இந்த நெலமையில உங்களைத் தனியா விட்டுட்டுப் போக நாங்க என்ன மனசாட்சி இல்லாதவங்களா? ராத்திரிக்கு என்ன சமையல்?"

தங்கினார்கள். மாப்பிள்ளை நாத்து நட வேண்டும் என்று கொல்லை வழியாக மறுநாளே ஊருக்குப் போய்விட்டான். இவர்கள் நாலு பேரும் போகவில்லை. கதவில் முறை வைத்து முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார்கள். பால்காரரை உள்ளே விடவில்லை. தபால்காரரை விடவில்லை. வேளா வேளைக்குச் சாப்பிட்டார்கள். பயத்தில் பசி அதிகமாகிறது என்று சொல்லி மறுசோறும் வாங்கிக்கொண்டார்கள். பருப்பு டப்பா அடி தெரிந்தது. ஊறுகாய் ஜாடியில் உப்பு மட்டும் மிஞ்சியது.

ஒரு நாள் ஜோசியர் சிங்காரவேலுவைத் தனியே கொல்லைக்கு அழைத்துப் போய்க் காதில் ஏதோ சொன்னார். சிங்காரவேலு சரி என்று தலையை ஆட்டினார்.

மறுநாள் விடிகாலையில் அவர் ஒரு நல்லெண்ணெய்ப் பாட்டிலும் பழைய வேட்டியும் எடுத்துக்கொண்டு, சத்தம் போடாமல் கொல்லைக் கதவைத் திறந்து, எள்ளுக்குடிக்குப் போகிற வாய்க்கால் கரையில் ஏறினார். குளித்து, துணியை விட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டால் எல்லாம் விட்டுப் போய்விடும் என்று நினைக்க நினைக்க அவருக்கு நடையில் ஒரு துள்ளல் வந்தது.

கொஞ்ச தூரம்தான் போயிருப்பார். பின்னால் நாலு ஜோடிக் கால்களின் சத்தம் கேட்டது.

"நீங்க தைரியமா முன்னாடி போங்க சம்பந்தி" என்றார் ஆபத்சகாயம், பாசம் பொங்க. "நாங்க பின்னாடியே வர்றோம். நீங்க மட்டும் எங்க பக்கம் திரும்பிப் பார்த்துடாதீங்க!"